எப்போதும் ஒருத்தி விழித்திருக்கும் வீடு

அதிகாலை ஐந்தரைக்குக் கோவில்பட்டி பஸ் என்னைச் சிங்கப்பெருமாள் கோவிலில் இறக்கிவிட்டது. தூக்கமும் என்னோடு இறங்கிக்கொண்டது. ஒரகடத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம்; ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய். வழியெல்லாம் பனிமூட்டம். ஏரி முடிந்தால் தொழிற்சாலை, தொழிற்சாலை முடிந்தால் இன்னொரு ஏரி. எதிரே வந்த கம்பெனி பஸ்களில் நைட் ஷிப்ட் முடித்த பெண்கள் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். நான் விழித்திருக்கிறேனா, அவர்களுடைய கனவுக்குள் போய்க்கொண்டிருக்கிறேனா என்றே தெரியவில்லை.

"எங்க கா எறங்கணும்?" என்று டிரைவர் கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது.

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் என் தங்கை செல்வி இருக்கிறாள். வயது முப்பத்தாறு. கல்யாணம் வேண்டாம், பிள்ளை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள். போன் கம்பெனியில் லைன் லீடர். தனியாக வாழும் பெண், ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாமாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. தம்பதி என்றால் இரண்டு வருஷமாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அரசு இணையதளத்தில் பதிவு, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் அறிக்கை, பிறகு வரிசையில் காத்திருப்பு, கடைசியில் கலெக்டர் உத்தரவு. அன்று வீட்டைப் பார்க்க வரும் நாள். அறிக்கை கோணினால் அவள் ஆசை அதோடு முடிந்தது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொந்தத்தில் ஒருவர் உறுதி தர வேண்டும். அதற்குத்தான் நான் வந்தேன்.

மாடி வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவளோடு தங்கியிருக்கும் தென்காசிப் பெண்கள் மூவரையும் காணோம். அவர்களுடைய பாய், செருப்பு, கொடித்துணி எதுவுமில்லை.

"ஹாஸ்டல்னு நெனச்சிருவாங்கக்கா. கீழ ஸ்டெல்லாக்கா வீட்ல போய்த் தூங்கச் சொல்லிட்டேன்" என்றாள். ஸ்டெல்லா வீட்டுச் சொந்தக்காரி.

பத்து மணிக்கு வந்த சமூகப் பணியாளர் மேடம் டீயை நிதானமாகக் குடித்துவிட்டுக் கேட்டார். "நீங்க வேலைக்குப் போனா?"

"காப்பகம் இருக்கு மேடம்."

"நைட் ஷிப்டுல இருக்கீங்க. கொழந்தைக்கு ஜுரம் வந்தா யாரு?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவள்.

படியிலிருந்து ஸ்டெல்லாவின் குரல்தான் முதலில் வந்தது. "இன்னா மேடம், இந்த வூட்ல ராத்திரின்னு ஒண்ணு ஏது? ஒருத்தி ஷிப்டுக்குப் போனா ஒருத்தி வந்துகினு இருப்பா. எப்பவும் ஒருத்தி முழிச்சிக்கினுதான் இருப்பா. என் பையனுக்கு வலிப்பு வந்தப்ப தூக்கிகினு ஓடுனதே இவளுங்கதான். இப்ப என் வூட்ல ஒளிஞ்சிகினு கீறாளுங்க. கூப்புடவா?"

செல்விக்கு முகத்தில் ஈயாடவில்லை. கலைந்த தலையும் கையில் சுருட்டிய பாயுமாக மூன்று பேரும் மேலே வந்து நின்றார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "கூடத் தங்கறவங்க எல்லாரையும் நான் பாத்தாகணும். இவங்களைப் போயி மறைப்பீங்களா?" என்றவர், ஒவ்வொருத்தியிடமும் வெகுநேரம் பேசினார். என்னிடம் உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது செல்வியின் தோளைத் தொட்டார். "நல்லபடியாத்தான் எழுதுவேன். நைட் ஷிப்டை மட்டும் விட்டுடுங்க."

மாலையில் பஸ் நிறுத்தம்வரை செல்வி வந்தாள். கம்பெனி விளக்குகள் ஏரித் தண்ணீரில் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஊரில் எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்துவிடுவோம். அவ்வளவு பெரிய வீட்டில் ராத்திரி ஒரு பிள்ளை அழுதால் எழுந்திருக்க நான் ஒருத்திதான்.

"பிள்ள எப்பட்டி வரும்?" என்றேன்.

"வருசக்கணக்கா ஆவுமாம்க்கா. கைப்பிள்ளதான் கேட்டிருக்கேன். அது இன்னும் பொறந்தே இருக்காது." வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கே ஷிப்ட் மாத்திக் கேக்கப் போறேன்."

பஸ் ஏறினேன். இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேனே என்று எனக்கு அழுகை வந்தது.