தம்பியின் இடது காது

சீழ் நாற்றமும் ஆரஞ்சு வாசனையும் கலந்தால் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். நீலசந்திராவில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் தம்பி சேகரின் தலையணை உறை அப்படித்தான் நாறும். நான்கு வயதிலிருந்தே மழைக்காலம் வந்தால் அவனுக்குக் காது வலிக்கும், ஒழுகும், உடனே அந்த ஆரஞ்சு வாசனைச் சிரப்பும் வந்துவிடும்.

முதல் தடவை பார்த்த டாக்டரம்மா காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, லேசான வீக்கம்தான், இப்போதைக்கு வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள், இரண்டு நாளில் குறையாவிட்டால் கூட்டி வாருங்கள் என்றார். கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த அம்மாவுக்கு இன்னொரு நாள் லீவு கிடைக்காது. "ஒண்ணுமே எழுதித் தரல, இவங்கல்லாம் ஒரு டாக்டரா?" என்றாள் வெளியே வந்ததும். லைன் வீடு முழுக்க அதையே திருப்பிச் சொன்னது.

பிறகு எல்லோரும் போனது அடுத்த தெரு டாக்டரிடம். அவர் ஒரு நாளும் காதுக்குள் பார்த்ததில்லை, குழந்தை உள்ளே நுழையும்போதே ஆன்டிபயாடிக் எழுத ஆரம்பித்துவிடுவார். அவருக்குக் "கைராசிக்காரர்" என்று பெயர் வேறு. வலி நின்றதும் அம்மா சிரப்பை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த தடவைக்கென்று அலமாரியில் பத்திரப்படுத்துவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சளி என்றால், "அந்த மருந்து கொஞ்சம் இருந்தா குடுங்கக்கா" என்று காப்பித்தூள் கேட்பதுபோல வந்து கேட்பார்கள், திரிந்துபோன அந்தக் கண்றாவியை அம்மாவும் பெருமையாக ஊற்றிக் கொடுப்பாள். கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

சேகரின் ஒன்பதாவது வயதில் ஒழுகுவது நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இடது செவிப்பறையில் ஓட்டை என்றும், சீழைச் சோதித்ததில் பழைய மருந்து எதுவும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னார்கள். ஊசி மேல் ஊசி போட்டுச் சீழ் நின்றது. அந்தக் காதில் போன கேட்கும் சக்தி திரும்பவில்லை.

அந்த டாக்டரம்மா கூட்டம் வராமல் எப்போதோ கிளினிக்கை மூடிவிட்டார். போன வாரம் சேகரின் மகளுக்குக் காதுவலி என்று நானும் கூடப் போனேன். இளவயது டாக்டர் பொறுமையாக விளக்கு அடித்துப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு நாள் பார்க்கலாம் என்றார்.

"ஆன்டிபயாடிக் எழுத மாட்டீங்களா சார்?" என்றான் சேகர்.

அவர் எழுதவில்லை. இவன் நேரே மருந்துக்கடைக்குப் போய், சீட்டில்லாமலே சிரப் வாங்கினான். எனக்கு அருவருப்பாக இருந்தது, அவன்மேலும் என்மேலும். வேண்டாம்டா என்றேன். அவனுக்கு இடப்பக்கம் நின்று சொன்னேன் போலிருக்கிறது, அவன் திரும்பவேயில்லை.