எண்ணெயில் பார்க்காத முகம்

வாய் பெரிதாகவும் நெஞ்சு சிறிதாகவும் உள்ள ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒருத்தனைத் தினமும் கண்ணாடியில் பார்த்துத்தான் சவரம் செய்துகொள்கிறேன். இது அவனைப் பற்றியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தேன். எங்கள் தமிழ் வாத்தியாரின் அக்காவுக்குக் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொண்டு ஒரு பிள்ளை பிறந்தது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமன் உயிருக்கு ஆகாது என்பார்கள். மாமன் பிள்ளையை நேரே பார்க்கக் கூடாது. கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் விழும் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மனிதர் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் விடுவேனா? "எண்ணெய் மாமா" என்று பெயர் வைத்தேன். அவர் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையும்போதெல்லாம், "விளக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா சார்?" என்பேன். எல்லாரும் சிரித்தார்கள். பாவம், அவரும் சிரித்து வைத்தார்.

ஆறு மாதம் கழித்து என் தங்கைக்குப் பிரசவம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தாய்வீடு என்று அவளுக்கு இருந்தது, கல்யாணம் ஆகாத நான் ஒருத்தன்தான். அவள் புருஷன் சர்க்கார் உத்தியோகத்தில் மாதக்கணக்கில் கேம்ப் போகிறவர், அப்போதும் ஊரில் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் காத்திருந்தேன். அவளுடைய மாமியார் வெளியே வந்தார்.

"ஆம்பளப் பிள்ளை தம்பி. ஆனா கொடி ரெண்டு சுத்து சுத்தி மாலையாட்டம் பொறந்திருக்கான். நீ இப்ப உள்ள வராதே. வீட்டுக்குப் போனப்புறம் எண்ணெயில பாத்துக்கலாம்."

"என்னம்மா நீங்க, இந்தக் காலத்துல போயி! நான் இப்பவே பாக்குறேன்" என்றேன்.

சொன்னேனே தவிர, கால் நகரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவினேன்.

படியிறங்கும்போது லேடி டாக்டர் கூப்பிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வருகிற தமிழ் அம்மாள், பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது.

"நீங்க சயன்ஸ் மாஸ்டராமே, உங்களுக்குச் சொன்னாப் புரியும். கொடி சுத்தினது ஒண்ணும் இல்ல. நிறையக் குழந்தைங்களுக்கு ஆகும். நான் பாத்தது வேற. கொடியை வெட்டினா உள்ளே மூணு குழாய் தெரியணும், ரெண்டு ஆர்ட்டரி, ஒரு வெயின். இவனுக்கு ஆர்ட்டரி ஒண்ணுதான் இருக்கு. சில பிள்ளைங்களுக்கு அதோட சரி, வேற ஒண்ணும் இருக்காது. சில பிள்ளைங்களுக்கு ஹார்ட்லயோ கிட்னியிலயோ இன்னொரு கோளாறும் இருக்கும். பதினஞ்சு நாள்ல கண்டிப்பா கொண்டு வாங்க, நெஞ்சைக் கேட்டுப் பாக்கணும். தாயாரை இப்பவே பயமுறுத்த வேணாம்."

"கண்டிப்பா டாக்டர்" என்றேன். அன்று மத்தியானம் நான்காம் பாரம் வகுப்புக்குக் கரும்பலகையில் இருதயம் வரைந்தேன். சிவப்புச் சாக்கில் ஆர்ட்டரி, நீலத்தில் வெயின், கச்சிதமாக. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அந்த அம்மாள் எனக்குப் புட்டுப்புட்டு வைத்திருந்தார். நானோ எதற்குப் பயப்பட வேண்டாமோ அதற்குப் பயந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்றால் ஒரே ஜட்கா வண்டியில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார வேண்டும். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் எப்படி? எண்ணெயில் பார்த்துவிடலாம் என்றால், நாளைக்கே விஷயம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடாதா? இதிலேயே நாளைக் கடத்தினேன்.

பத்தாம் நாள் அல்சூரில் அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"உள்ள வா அண்ணா."

"நேரமாச்சும்மா. பரீட்சைப் பேப்பர் குவிஞ்சு கிடக்கு."

"டாக்டரம்மா உன்கிட்ட என்னமோ பேசினாங்கன்னு அத்தை சொன்னாங்க. என்ன அண்ணா?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் நார்மல்."

தாயைப் பயமுறுத்தக் கூடாது என்று டாக்டரே சொன்னாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீ! உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஜட்கா பிடிக்கச் சொல்லியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் வந்தது, போனது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு அனுப்பினாள். தட்ட முடியாமல் போனேன். மாமியாரைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். கூடத்தில் மணைமேல் வெண்கலக் கிண்ணம் நிறைய எண்ணெய். பக்கத்தில் அவள், பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும் இல்ல அண்ணா. யாருக்கும் சொல்லவும் மாட்டேன். நான்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஒரு தடவை பாத்துடு. அப்புறம் ரெண்டு பேருமா இவனை டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு வரலாம். பால் குடிக்கறப்போ மூச்சு வாங்குது. இந்தக் குளிர்ல நெத்தியெல்லாம் வேர்க்குது."

முந்தானைக்குள்ளே அந்த மூச்சு எனக்கும் கேட்டது. ஓடி வந்து நின்றவன் மூச்சு போல இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் என் காதில் பெரிதாகக் கேட்டது, என் பயத்தை இவள் கண்டுபிடித்துவிட்டாளே என்பதுதான்.

"என்னை யாருன்னு நினைச்சே? சயன்ஸ் படிச்சவன் நான்! இந்தப் பட்டிக்காட்டுக் கூத்துக்குத்தான் கூப்பிட்டியா?" என்று கத்தினேன்.

"அப்படின்னா நேராவே பாரு அண்ணா" என்றாள். முந்தானையில் கை வைத்தாள்.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை வகுப்பில் இருக்கும்போது ஆள் வந்து சேதி சொன்னான். தகப்பன் கேம்ப்பிலிருந்து வந்து சேரவில்லை. தூக்கிக்கொண்டு போக ஆண்பிள்ளை என்று நான்தான் இருந்தேன். கையில் கொடுத்தார்கள், பார்த்தேன். அப்பாவின் மூக்கு. உதடு நீலம் பாரித்திருந்தது. இடுகாடு போய்ச் சேரும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது தைரியம்?

அடுத்த வாரம் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பதினைந்து நாளில் கொண்டு வரச் சொன்னது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"கொண்டு வந்திருந்தாக் காப்பாத்தியிருப்பேன்னு நான் சொல்ல மாட்டேன், மாஸ்டர். ஹார்ட்ல ஓட்டையா இருந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. ஆனா கேட்டுப் பாத்திருப்பேனே" என்றார்.

அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இத்தனை வயசில் நான் யோக்கியனாக இருந்தது அன்று அந்த நிலைப்படி வரைக்கும்தான்.

வாசலிலேயே மாமியார் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். "மாமனுக்கு வந்ததை அவன் வாங்கிட்டுப் போயிட்டான் தம்பி. நீயாவது நல்லா இரு."

தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னைக் காப்பாத்தத்தான் வந்தான், இல்ல அண்ணா? அப்படி நினைச்சாத்தான் எனக்கு ஆறுது. நீ இதெல்லாம் நம்ப மாட்டே. இருந்தாலும் எனக்காக ஒரு தடவை சொல்லேன்."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "ஆமாம்மா" என்றேன். அவளுக்காகச் சொல்லவில்லை.