கோட்டைக் கழற்றாதவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய மில்லிக்கனில், என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ட்ராபிக் லைற் வேண்டுமென்று கேட்டிருந்தோம். அதற்காக நகரசபைக் கூட்டத்துக்குப் போன அன்றுதான் அவரைக் கண்டேன். பார்வையாளர் வரிசையில், பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல், யாரோ கூப்பிடப்போவதுபோல் கதிரை நுனியில் இருந்தார். வலது கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணை, உங்கட விசயம் எப்ப வரும்?”

“எனக்கு ஒண்டுமில்லை, தங்கச்சி. மூண்டு வருசத்துக்கு முந்தி இவையளிட்டயிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசாங்கம் கூப்பிட்டா போகாமல் இருக்கேலுமே? பயத்தில ஓடி வந்தனான்.”

அது தெருவில் எல்லா வீட்டுக்கும் போட்ட பொது அறிவித்தல்.

“வரத் தேவையில்லையெண்டு பிறகு தெரிஞ்சிருக்குமே?”

“ஓம், தெரியும். ஆனாலும் அண்டு தொடங்கி ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாறனான். ஒருத்தரும் பாக்காட்டி உவையள் என்ன செய்வினமெண்டு ஆருக்குத் தெரியும்?”

எங்கள் முறை வந்தது. அடுத்த மாதம் பார்ப்போம் என்று தலைவர் தாளைப் புரட்டினார். அந்த அண்ணை எழுந்து நின்றார். பேச விருப்பமா என்று தலைவர் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினார்; ஆனால் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. கால் மட்டும் ஆடியது. தலைவர் அவரையே சற்றுநேரம் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் புரட்டி, வாக்கெடுக்கச் சொன்னார்.

லைற் வந்துவிட்டது. அதில் நிற்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்: அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பயம் அவரிடமே இருந்ததா, அன்று அந்தச் சபைக்காரரிடம் கொடுத்துவிட்டாரா?