திருப்பிப் போட்ட சட்டை

என் பேத்தி விருதுநகரில் உடை வடிவமைப்பு படிக்கிறாள். இந்தப் பக்கத்து உடுப்பு ஒன்றின் வரலாற்றையும், அதை முதலில் யோசித்தவர் யார் என்பதையும் எழுதிவரச் சொல்லிக் கல்லூரியில் வேலை கொடுத்திருந்தார்கள். பட்டாசு கம்பெனியில் நாங்கள் சேலைக்கு மேல் போடும் சட்டையை எடுத்துக்கொண்டாள். ஆம்பளைச் சட்டைதான். பருத்தியாக இருக்க வேண்டும். நைலான் என்றால் தீப்பொறி பயத்தில் வாசலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பொத்தான் முதுகுப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுவோம். அப்போதுதான் மருந்துத் தூள் நெஞ்சுக்குள் இறங்காது.

"இப்படிப் போடணும்னு யாரு அம்மாச்சி கண்டுபிடிச்சது?"

"வேற யாரு? நாந்தேன்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அப்படியே எழுதிவிட்டாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசி போட்டேனா என்று இரண்டு தரம் மூடியைத் திறந்து பார்த்தேன். முதலில் அப்படிப் போட்டவள் ஏழாயிரம்பண்ணையில் உயிரோடு இருக்கிறாள். என்னோடு ஒரே அறையில் திரி வைத்தவள். அவள் பேரை நான் தின்றுவிட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இம்புட்டுத் தூரம்? நான் செத்துட்டேன்னு எவளும் சொன்னாளா?"

"சொன்னாக. மாலைக் கடை தெறக்கல. அதான் வெறுங்கையோட வந்தேங்க்கா."

விஷயத்தைச் சொல்லி, "அந்த யோசனை எப்படிக்கா வந்துச்சு?" என்றேன்.

"யோசனையாவது! வேன்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே நிக்கான். எம்புருசன் சட்டையில பாதிப் பொத்தானைக் காணோம். தெறந்து கெடக்குறது முதுகுப்பக்கம் போகட்டும்னு திருப்பி மாட்டிக்கிட்டு ஓடியாந்தேன். நீதான எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்ச? சாயங்காலம் உங்க நெஞ்செல்லாம் அரிச்சுச்சு, எனக்கு அரிக்கல. மறுநாளே நீயும் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்து நிக்க."

எனக்கு மறந்தே போயிருந்தது. அல்லது மறந்ததாக வைத்திருந்தேன். அங்கிருந்தே பேத்திக்குப் போன் போட்டேன்.

"எம்பேரை அடிச்சுரு ஆத்தா. அது நான் இல்ல."

"பொய்யா சொன்னீக? அப்ப உங்களை எங்கன போட?"

"கண்டுபிடிச்சவளைப் பாத்துச் சிரிச்சவள்னு போடு."

அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "ரெண்டாவதாப் போட்டவள்னும் சேத்து எழுது தாயி. இவ போட்ட பெறகுதேன் மத்தவளுக எல்லாம் போட்டாளுக."