கீதா காட்டும் வழியில்...

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாம் பேசப் பேசத் தானாகத் தமிழில் எழுதுகிற அந்தச் செயலி தப்பே செய்யாது என்று நம்பினேன். தப்பாக எழுதினால், பேசியவர் வாயில்தான் கோளாறு என்றும் நம்பினேன். இருபத்தேழு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன் நான். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

மலேசியாவில், ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் எனக்கு ஐந்தாம் ஆண்டு வகுப்பு. ஒன்பதே பிள்ளைகள். நான் தொழில்நுட்பத்தோடு பாடம் நடத்துகிற அழகைப் பார்க்க, வருகிற புதன்கிழமை மாவட்டக் கல்வி அதிகாரி வரப்போகிறார் என்றார் தலைமையாசிரியை. எனக்கு அங்கேயே வியர்த்துவிட்டது.

எனக்கும் தொழில்நுட்பத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும்தானே? புரொஜெக்டர் வந்த வருடம், அது சூடானால் வெடிக்கும் என்று கதவோரமாகவே நின்று பாடம் நடத்தியவன். கொரோனா காலத்தில் மைக்கை மூடிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் இலக்கணம் நடத்தினேன். "புரிந்ததா?" என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று கோபித்தும்கொண்டேன்.

ஓடினேன் ஷாமளா டீச்சரிடம். பள்ளியில் கணினிக்குப் பொறுப்பு அவர்தான். என் மகள் வயது. பள்ளி டேப்லெட்டில் அந்தச் செயலியைத் திறந்து நீட்டினார்.

"ஏன் சார் இப்படிப் பதறுறீங்க? இந்த மைக் படத்த அமுக்குங்க, பேசுங்க. அவ்ளோதான்லா."

அமுக்கினேன். "வணக்கம் மாணவர்களே. இன்று வானம் தெளிவாக உள்ளது. மழை வருவதற்கான அறிகுறி இல்லை" என்றேன். எழுதியது. ல, ள, ழ மூன்றும் அதனதன் இடத்தில்! சூடம் காட்டாத குறை.

அந்த நிமிடமே எனக்குத் தர்ஷினி ஞாபகம் வந்தாள். வாய் திறந்தால் கதை கதையாகச் சொல்லும் பிள்ளை. பென்சிலைப் பிடித்தால் எழுத்துகள் இடம் மாறிவிடும். மூன்று வரி எழுதுவாள், அழிப்பாள், பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். ஒரு வருடமாக ஒரு கட்டுரையைக்கூட முடித்ததில்லை. பேசினாலே போதும் என்றால், அவளும் ஒன்றை முடித்துவிடலாம் அல்லவா?

வெள்ளிக்கிழமை ஒத்திகை. தலைப்பு – 'என் அம்மாவின் ஒரு நாள்'. தர்ஷினி வீடு கோலா சாவா இரப்பர் தோட்டத்தில். அம்மாவுக்கு செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. டேப்லெட்டைப் பெரிய திரையில் இணைத்து அவள் கையில் கொடுத்தேன். உற்சாகமாகத்தான் தொடங்கினாள்.

"அம்மா விடியக்காலைல மோட்டார்ல கித்தா காட்டு வழியா செனாவாங் போவாங்க."

திரையில் வந்தது:

'அம்மா விடியக்காலையில் மோட்டாரில் கீதா காட்டும் வழியில் சேனை வாங்கப் போவாங்க.'

வகுப்பே சிரித்து உருண்டது. "தர்ஷினி, யாரு அந்த கீதா ஆன்ட்டி?" என்றான் கவின். "சேனை வாங்க செனாவாங் வரைக்குமா போறாங்க?" என்றாள் இன்னொருத்தி.

நான் என்ன செய்தேன்? செயலியின் பக்கம் சேர்ந்துகொண்டேன். "உச்சரிப்பைக் கவனிம்மா. திருப்பிச் சொல்லு." மறுபடி கீதா. "வாயை நல்லாத் திறந்து சொல்லு." மறுபடி கீதா. நான்காவது தடவை டேப்லெட்டை என் கையில் கொடுத்தாள்.

"எழுதத்தான் வராதுன்னு நெனச்சேன் சார். எனக்குப் பேசவும் வரல."

தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

சனிக்கிழமை மாலை, ஒரு கிளாஸ் தே தாரேக் டீயோடு உட்கார்ந்து என் போனில் ஒத்திகை பார்த்தேன். 'கித்தா' என்றேன். கீதா. அழுத்தி, நிறுத்தி, மேடைப் பேச்சாளர் மாதிரி 'கித்...தா' என்றேன். கீதா. மனைவி வந்து தோளுக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"யாருங்க இது, வரிசையா பத்து கீதா?"

விளக்கினேன். நம்பவில்லை. போனைப் பிடுங்கி அவளே, "கித்தா" என்றாள். கீதா. போனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் பொறந்ததே கித்தா காட்டுல. எனக்கே இது சொல்லித் தருதா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "சரி, அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?"

தே தாரேக் கிளாஸைத் தள்ளிவைத்தேன்.

மலாய் மொழியில் 'கெத்தா'. நம் வாயில் கித்தா. இரப்பர் என்று புத்தகம் சொல்லும். ஆனால் இந்தத் தோட்டங்களில் மரத்துக்கும் பாலுக்கும் காட்டுக்கும் அதுதான் பேர். செயலி இதையெல்லாம் கேட்டதே இல்லை. நான் புத்தகத் தமிழில் வானிலை அறிக்கை வாசித்தேன், அது புரிந்துகொண்டது. தர்ஷினி வீட்டுத் தமிழில் அம்மாவைப் பற்றிப் பேசினாள், அது திணறியது. திணறிய இயந்திரத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைத் திருத்தினேன் நான்.

எத்தனை பயிற்சிக்குப் போயிருக்கிறேன்! எந்தப் பட்டனை அமுக்குவது என்று எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். அது உளறும்போது யார் பக்கம் நிற்பது என்று யாரும் சொல்லவில்லை... நானும் கேட்கவில்லை. ஆசிரியர்கள் எங்களுக்குப் புதுக் கருவி என்றால் முதலில் பயம். பயம் தெளிந்ததும் பக்தி. இரண்டுமே அதைப் பார்த்துக் கும்பிடுகிற வேலைதான். கொஞ்சம் சந்தேகப்படத் தொடங்கிய பிறகுதான் கருவி கருவியாகிறது, வாத்தியார் வாத்தியாராகிறார்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னேன். "தர்ஷினி, உன் உச்சரிப்பு சரி. அந்த மெஷினுக்கு நம்ம சொல்லு தெரியல. தப்பு அதுமேல பாதி, என்மேல பாதி."

"பாதிதானா சார்?"

"முக்கால்."

யோசித்தாள். "சரி, பாப்போம்" என்றாள்.

புதன்கிழமை புதுச் சட்டையோடு போய் நின்றேன். அதிகாரி வரவில்லை. வேறு கூட்டமாம். பாடத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் தர்ஷினி டேப்லெட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

இந்தமுறை விதி வேறு. செயலி எழுதட்டும். அதற்குத் தெரியாததை நாம் அதற்கு எழுதிக் காட்டுவோம். பேசினாள். இரண்டாம் பத்தியில், 'திரும்பும்போது அம்மா பாசத்தில் மீன் வாங்குவாங்க' என்று வந்தது. சந்தைக்கு எங்கள் ஊரில் பாசார் என்று பேர்.

"நல்லா இருக்கு, அப்படியே விட்டுடுலா" என்றான் கவின்.

"பாசார்ல வாங்குறாங்க. பாசத்துல குடுக்க மீன்காரர் என்ன எங்க மாமாவா?" என்றாள் அவள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

தர்ஷினி அன்று பதினான்கு வரி பேசினாள். செயலி ஒன்பது சொற்களைத் தப்பாக எழுதியது. ஒன்பதையும் அவளே, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, தன் விரலால் திருத்தினாள். இரண்டு பாடவேளை ஆனது, கட்டுரை முடிந்தது.