எல்லோருக்கும் ஒரே பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சிக்கனம்’ என்றுதான் பெயர். ஒருமுறை எழுதிய நிரலை மறுமுறை எழுத மாட்டாள். ஒரு இணையப் பக்கத்துக்குச் செய்த பொத்தானையும் எழுதும் பெட்டியையும் மற்ற எல்லாப் பக்கங்களிலும் பொருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். வீட்டிலும் அப்படித்தான். பழைய திரைச்சீலை தலையணை உறையாகும், பிறகு அதுவே கரித்துணியாகும். “என் மருமக ஒரே கல்லுல ரெண்டு மாங்கா அடிக்கிறவ இல்ல, தோப்பையே காலி பண்றவ” என்பாள் மாமியார்.

அப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இணையதளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குழாய், மின்சாரம், பூட்டு என எந்தப் பழுதானாலும் குடியிருப்பவர்கள் அதில் எழுதலாம். பாதியில் இணைப்பு அறுந்தால் எழுதியது தொலையாமலிருக்க, எழுத எழுதத் தளத்திலேயே சேமிக்கும் ஒரு துண்டு நிரல் எழுதி, எல்லாப் பெட்டிகளிலும் அதையே செருகியிருந்தாள். அன்று காலைதான் வெள்ளோட்டம் தொடங்கியது.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து, குழாய்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். காலிப் பெட்டியில் எழுத்துகள் ஊர்ந்தன. ‘கதவு திறக்கல.’

“விளையாடாதடா” என்றாள் பக்கத்து இருக்கைக்காரனிடம்.

“நானே உண்ட மயக்கத்துல இருக்கேன்க்கா. கை கீபோர்டுலயே இல்ல, பாருங்க.”

அழித்தாள். மீண்டும் வந்தது. ‘உள்ள மாட்டிக்கிட்டேன்.’ அதையும் அழித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல மெல்ல: ‘ஏன் அழிக்கிறீங்க?’

அப்போதுதான் உறைத்தது. எழுதியதைச் சேமிக்கும் இடத்துக்கு ஆளுக்கொரு பெயர் தர மறந்திருந்தாள். எல்லோருடைய பெட்டியும் ஒரே பெட்டியாகிவிட்டது. இவ்வளவு நேரம் அவள் அழித்தது யாரோ ஒருவருடைய கூப்பாட்டை.

‘யார் நீங்க? எந்த வீடு?’ என்று தட்டினாள்.

‘மூணாவது மாடி, கடைசி வீடு. குளியலறைத் தாழ்ப்பா சிக்கிக்கிச்சு. தொண்டையில ஆபரேஷன், கத்த முடியாது. போன்ல எழுதத்தான் முடியும்.’

அதன் கீழே இன்னொரு வரி முளைத்தது. ‘அவர் வந்துடுவார். பயமா இருக்கு.’ அவள் படித்து முடிப்பதற்குள் அது மறைந்தது. இருந்த பதற்றத்தில் அவள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. குடியிருப்புக் காவலாளிக்குப் போன் போட்டுக் கதவை உடைக்கச் சொன்னாள். பிழையைத் திருத்தி, சேமிப்பில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க நேரிலேயே போனாள்.

மூன்றாவது மாடி வீட்டில், மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

“யார் வர்றதா பயந்தீங்க சார்?”

அவர் புருவம் சுருங்கியது. கைப்பேசியில் தட்டி நீட்டினார். ‘அதை நான் எழுதல. நீங்க எழுதுறீங்கன்னு நினைச்சேன்.’

அப்படியென்றால் அது வேறு ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தது. தடம் எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவளே துடைத்திருந்தாள்.

காவலாளியோடு ஒவ்வொரு வீடாக மணியடித்தாள். “தளத்துல ஏதாவது பிரச்சனைன்னா கூப்பிடுங்க” என்று தன் எண்ணைக் கொடுத்தாள். கதவுகள் திறந்தன. எல்லோரும் நன்றாகத்தான் சிரித்தார்கள். சில வீடுகளில் ஆண்களே எண்ணை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள்.

“வீட்டுக்கு வீடு வாசப்படி. வாங்கம்மா, போலாம்” என்றான் காவலாளி.

இப்போதும் அங்கிருந்து அழைப்புகள் வருகின்றன. பெரும்பாலும் கடவுச்சொல்லை மறந்தவர்கள்தான். எப்போதாவது எண் தெரியாத அழைப்பு ஒன்று வரும். எதிர்முனையில் பேச்சு இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். “நான் இருக்கேன்மா, சொல்லு” என்பாள். அந்தப் பக்கம் வைக்கும்வரை அவள் வைப்பதில்லை.