நெடி இல்லாத தரை

எங்கள் வீட்டின் பின்னறைத் தரை தேக்குப் பலகை. எங்களுக்கு முன்பு இங்கே இருந்த வெள்ளைக்காரர் தியானம் செய்வதற்கென்று போட்டது. நாங்கள் வீட்டை வாங்கியபோது பாலிஷ் செதில் செதிலாக உரிந்து, பலகை இடுக்கெல்லாம் தூசு ஏறிக் கிடந்தது. பூட்டியே வைத்திருந்தோம்.

என் கணவருக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகுதான் அந்த அறை தேவைப்பட்டது. முன்னறை கிரிவலப் பாதையைப் பார்த்தது. எந்நேரமும் பஸ் புகை, பௌர்ணமி என்றால் கூட்டமும் கற்பூரமும். பின்னறையில் மலைக்காற்று வரும். "தூசு ஆகாது, நெடி ஆகவே ஆகாது. இன்னொரு வாட்டி மூச்சு அடைச்சா மீட்கிறது கஷ்டம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அறையை அவருக்காக நல்லபடியாக ஆக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

பாலிஷ்காரர் வந்து பார்த்தார்.

"தின்னர் கலந்து அடிச்சாதான் கண்ணாடி மாதிரி நிக்கும் மேடம். நெடி ஒரு மாசம் இருக்கும், அவ்ளோதான்."

"அந்த ஒரு மாசமும் அவரு இருக்கணும் இல்ல?"

தண்ணீரில் கலக்கும், நெடி கம்மியான வார்னிஷைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். டப்பாவைத் திறந்து முகர்ந்த பாலிஷ்காரர், பால் போல வெளுப்பாக இருந்ததைப் பார்த்து, "இது எங்க நிக்கப் போகுது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வேலையை ஆரம்பித்தார்.

என் கணவரைக் கீழ்பென்னாத்தூரில் என் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இங்கே மெஷின் போட்டுப் பழைய பாலிஷை இழைத்து எடுத்தார்கள். இடுக்கில் இருந்த தூசை உறிஞ்சி, சந்துகளை அடைத்தார்கள். முதல் கோட்டு வார்னிஷின் ஈரம் பட்டதும் மரத்தின் நார் எழுந்து நின்று சொரசொரத்தது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி அடித்தார்கள். கடைசிக் கோட்டு காய்ந்த பிறகு நான் தரையில் குப்புறப் படுத்து முகர்ந்து பார்த்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். மழையில் நனைந்த சுவரின் வாசனை லேசாக இருந்தது. அது போகும்வரை ஜன்னலைத் திறந்து போட்டுக் காத்திருந்தேன். இவர் தினமும் போன் செய்து, "தரை காஞ்சிடுச்சா? நான் வரலாமா?" என்று குழந்தை மாதிரி கேட்பார்.

அழைத்துவரும் நாளில் சாவியை அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி என்றால் இவருடைய அக்கா, அடி அண்ணாமலையில் இருப்பவர். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். "பால் மட்டும் காச்சி வைங்க அண்ணி. எந்த நெடியும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தோம். இவர் என் தோளைப் பிடித்தபடி பின்னறை வாசலுக்குப் போனார். கதவைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை. ஜன்னலை எல்லாம் சாத்தி, நடுவில் தணல் சட்டியை வைத்து அண்ணி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். அறை மணத்தது. இவர் சிரிக்க வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. அது நிற்கவே இல்லை. அண்ணி பதறி எழுந்ததில் சட்டி கவிழ்ந்து தணல் தரையில் சிதறியது. அதை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கத்தினேன். "நெடி ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சாம்பிராணி நெடியாம்மா?" என்றார் அண்ணி. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "சின்ன வயசுல சளி கட்டிக்கிட்டா இதத்தான காட்டுவேன். தலைக்கு ஊத்திட்டு, கூடையக் கவுத்து, அதும்மேல படுக்க வச்சி. உடனே மூச்சு நல்லா வந்துடும் அவனுக்கு."

அவருக்கு மூச்சு நல்லா வரவில்லை. பின்னறையில் ஒரு நாள்கூடப் படுக்காமல், அந்த ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். டாக்டர், "எப்படியும் ரொம்ப நாள் தாங்கியிருக்காதும்மா" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். அந்தக் கொஞ்ச நாளைத்தானே நான் கேட்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் பாலிஷ்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்ததைக் குனிந்து தடவினார். "இந்த எடத்த மட்டும் இழைச்சி ரெண்டு கோட்டு அடிச்சா தெரியவே தெரியாதுங்க. நானே சும்மா பண்ணித் தரேன்" என்றார். வேண்டாம் என்றேன். கணவர் நினைவாக விட்டுவைத்திருக்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் இல்லை. கோபம். அண்ணி பார்க்க வேண்டும் என்றுதான் விட்டுவைத்தேன். பாசத்தில் செய்ததுதான் என்று எனக்கும் தெரியும், தெரிந்தும் ஆறவில்லை.

அண்ணி இப்போதும் வருகிறார். வந்ததும் பின்னறைக்குப் போய், கருகிய இடத்தின் மேல் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு பேரும் காபி குடிப்போம். அவர் கிளம்பிப் போனதும் நான் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுகிறேன்.